யூரோப்பா பார்க்கும் கிறிஸ்துமஸ் சந்தைகளும்: குடும்பத்தோடு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜெர்மனியின் தென்மேற்கு ஓரத்தில், ரைன் ஆற்றுக்குப் பக்கத்தில் ரூஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். அந்த நாட்டின் மிகப் பெரிய தீம் பார்க்கான யூரோப்பா பார்க் இருப்பது அங்கேதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸின் அல்சாஸ் பகுதி. ஸ்ட்ராஸ்பூர், கோல்மார் இரண்டும் அங்கே. இந்தப் பக்கம் ஃப்ரைபுர்க்கும் கருங்காட்டு மலை ஊர்களும். டிசம்பரில் இவை எல்லாவற்றிலும் சந்தை போடுகிறார்கள். அதனால் பிள்ளைகளுக்குப் பார்க், பெரியவர்களுக்குச் சந்தை என்று ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துவிடலாம். திட்டமிடும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டிசம்பரில் எந்த வாரம் போவது நல்லது?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதுதான் முக்கியம். நம் குடும்பங்களில் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் லீவு தொடங்கிய பிறகுதான் கிளம்புகிறோம். ஆனால் கிறிஸ்துமஸ் சந்தை என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களுக்கானது. நவம்பர் கடைசி வாரத்தில் தொடங்கி, ஜெர்மன் ஊர்களில் பெரும்பாலும் டிசம்பர் 23 அல்லது 24 அன்று கடையைக் கட்டிவிடுவார்கள். 26ஆம் தேதி போய் இறங்கினால் பல ஊர்களில் கடை போட்டிருந்த மரக் குடில்களைப் பிரித்துக்கொண்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

பார்க்கின் குளிர்காலப் பருவமும் நவம்பர் கடைசியில்தான் தொடங்குகிறது. அது ஜனவரி தொடக்கம் வரை ஓடும். டிசம்பர் 24, 25 இரண்டு நாளும் பார்க் மூடியிருக்கும். ஆக, இரண்டும் முழுசாகக் கிடைக்கும் காலம் நவம்பர் கடைசி முதல் டிசம்பர் 20 வாக்கில் வரைதான். அதிலும் டிசம்பரின் முதல் இரண்டு வாரங்களில் வரும் செவ்வாய், புதன், வியாழன் நாட்களைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பள்ளியில் நான்கைந்து நாள் விடுப்புக் கேட்க முடிந்தால் தயங்காமல் கேளுங்கள். அந்த நாட்களில் கிடைக்கும் நிதானம் கடைசி வாரத்தில் எத்தனை பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

எங்களுக்கு 24க்குப் பிறகுதான் லீவு. அப்போது போவதே வீணா?

வீணில்லை. பார்க் 26ஆம் தேதி முதல் திறந்திருக்கும். உள்ளேயே அலங்காரமும் சின்னதாக ஒரு கிறிஸ்துமஸ் சந்தையும் உண்டு. கோல்மார் சந்தை வழக்கமாக 25க்குப் பிறகும் சில நாட்கள் நடக்கும். ஸ்ட்ராஸ்பூரில் முடியும் தேதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது. டிக்கெட் போடுவதற்கு முன் நகராட்சியின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் 24ஆம் தேதி மதியத்தோடு கடைகள் மூடிவிடும். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. பிரான்ஸில் மற்ற இடங்களில் 26 வேலை நாள்தான், ஆனால் அல்சாஸில் அன்றும் விடுமுறை. பிள்ளைகளுக்குப் பால், பழம், ரொட்டி எல்லாம் 23ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும்.

குளிர்காலத்தில் ரைடுகள் எல்லாம் ஓடுமா?

ஓடாது. தண்ணீரில் நனைக்கும் ரைடுகள் மூடியிருக்கும். பொசைடன், அட்லாண்டிகா சூப்பர்ஸ்பிளாஷ் இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளியில் ஓடும் பெரிய ரோலர் கோஸ்டர்கள் வானிலையைப் பொறுத்தவை. கடுங்குளிரோ பலத்த காற்றோ இருந்தால் நிறுத்திவிடுவார்கள்.

அதனால் உள்ளரங்க ரைடுகளை வைத்து நாளைத் திட்டமிடுவதுதான் புத்திசாலித்தனம். பறப்பது போன்ற அனுபவம் தரும் வொலட்டேரியம், படகில் இருட்டுக்குள் போகும் பத்தாவியா கடற்கொள்ளையர்கள், முழு இருளில் ஓடும் யூரோசாட், சின்னப் பிள்ளைகளும் ஏறக்கூடிய ஆர்தர், இவையெல்லாம் முழுக்கவோ பெரும்பாலுமோ கூரைக்குள்ளேயே இருக்கின்றன. பத்தாவியா 2018இல் தீயில் எரிந்து போனது. புதிதாகக் கட்டி 2020இல் மறுபடி திறந்தார்கள். என்னைக் கேட்டால் குடும்பமாக ஏற அதுதான் முதல் ரைடு. யாருக்கும் பயமில்லை, எல்லாருக்கும் பார்க்க நிறைய இருக்கிறது, பத்து நிமிடம் கை காலும் சூடாகும்.

கோடையில் கிடைக்காத சில விஷயங்கள் குளிர்காலத்தில் உண்டு: பனிச்சறுக்குத் தளம், இந்தப் பருவத்துக்கென்றே நிறுத்தும் பெரிய ராட்டினம், இருட்டியதும் வரும் விளக்கு அலங்காரம். குளிர்கால நேரம் காலை 11 மணி முதல் மாலை 7 மணி வரை. டிசம்பர் நடுவில் இங்கே நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். எனவே கடைசி இரண்டரை மணி நேரம் முழுக்க விளக்கொளியில்தான் பார்க்கைப் பார்ப்பீர்கள். அந்த நேரத்தை வரிசையில் நின்று கழிக்காமல் நடக்க வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிள்ளைக்கு ஏழு வயது. எதில் ஏற விடுவார்கள்?

வயதும் உயரமும் இரண்டும் பார்ப்பார்கள். சில்வர் ஸ்டார் என்ற ரோலர் கோஸ்டர் 73 மீட்டர் உயரம், மணிக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வேகம். அதற்கு 11 வயதும் 1.40 மீட்டர் உயரமும் வேண்டும். இரண்டரை விநாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் புளூ ஃபயருக்கு 7 வயது, 1.30 மீட்டர். மரத்தால் கட்டிய வோடனுக்கு 6 வயது, 1.20 மீட்டர். ஏழு வயதுப் பிள்ளை பெரும்பாலும் வோடனில் ஏறலாம், புளூ ஃபயர் அந்தப் பிள்ளையின் உயரத்தைப் பொறுத்தது, சில்வர் ஸ்டார் நிச்சயம் கிடையாது.

வீட்டிலேயே சுவரோடு நிறுத்தி அளந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, வாசலில் அளவுகோல் காட்டித் திருப்பி அனுப்பும்போது ஒரு குழந்தையின் முகம் எப்படி ஆகும் என்பதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது. அண்ணன் ஏறலாம், தங்கை ஏற முடியாது என்ற நிலை வந்தால், அந்த நேரத்தில் தங்கைக்கு என்ன என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். கைக்குழந்தை இருந்தால் பெற்றோரில் ஒருவர் ஏறி இறங்கியதும் மற்றவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் வசதி இருக்கிறது. வரிசை தொடங்கும் இடத்தில் பணியாளரிடம் கேளுங்கள்.

இது டிஸ்னிலேண்ட் மாதிரியா?

வேறு மாதிரி. இங்கே கதாபாத்திரங்களுக்கு முதலிடம் கிடையாது. ஒவ்வொரு பகுதியும் ஒரு ஐரோப்பிய நாட்டின் தெருவைப் போல இருக்கும். கிரீஸிலிருந்து நடந்தால் ரஷ்யா, அங்கிருந்து ஐஸ்லாந்து என்று போய்க்கொண்டே இருக்கலாம். பக்கத்திலுள்ள வால்ட்கிர்ஹ் ஊரில் 1780 முதல் வண்டிகளும் பிற்காலத்தில் ராட்டினங்களும் செய்து வந்த மாக் குடும்பம், தங்கள் தயாரிப்புகளை வாங்க வருபவர்களுக்கு ஓட்டிக் காட்ட ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தது. அப்படித்தான் 1975 ஜூலையில் பார்க் திறந்தது. இன்றும் அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது. புளூ ஃபயரும் 2024இல் வந்த வோல்ட்ரான் ரோலர் கோஸ்டரும் அவர்கள் தொழிற்சாலையில் செய்தவை. இயந்திரங்களில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். ரைடுகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பார்க்கையும் ஒரு சந்தையையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

தூரத்தைப் பார்த்தால் முடியும். ஆனால் வேண்டாம். பார்க் திறப்பதே பதினொரு மணிக்கு. சந்தை அழகாக இருப்பது இருட்டிய பிறகு. இரண்டும் ஒரே நேரத்தில் மோதுகின்றன. பார்க்கை நாலு மணிக்கு விட்டுக் கிளம்பினால், காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டின் நல்ல பாதி போய்விடும். களைத்துப் போன பிள்ளையை இழுத்துக்கொண்டு ஸ்ட்ராஸ்பூர் கூட்டத்துக்குள் நுழைந்தால் சந்தையும் போய்விடும்.

நான்கு நாள் இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: முதல் நாள் வந்து சேர்ந்து, பக்கத்திலுள்ள ஒரு சின்ன ஊரில் மாலை நடை. இரண்டாம் நாள் முழுக்கப் பார்க். மூன்றாம் நாள் காலை பிள்ளைகளைத் தூங்க விட்டு, மதியத்துக்கு மேல் ஒரு பெரிய சந்தை. நான்காம் நாள் இன்னொன்று, அல்லது எல்லாருக்கும் அலுப்பாக இருந்தால் ஒன்றுமே வேண்டாம். ஒரு பயணத்துக்கு இரண்டு சந்தை போதும். மூன்றாவதில் பிள்ளைகளுக்கு எல்லாக் குடிலும் ஒன்று போலத்தான் தெரியும்.

எந்தச் சந்தைகளைத் தேர்ந்தெடுப்பது?

ஒன்று பெரியதாக, ஒன்று சின்னதாக.

பெரியது என்றால் ஸ்ட்ராஸ்பூர். 1570 முதல் அங்கே சந்தை நடக்கிறது. ஊரைச் சீர்திருத்தச் சபையினர் (புராட்டஸ்டன்டுகள்) நடத்திய காலம் அது. அதுவரை புனித நிக்கோலாஸ் பெயரில் நடந்த சந்தையை நிறுத்திவிட்டு, குழந்தை இயேசுவின் பெயரில் நடத்தினார்கள். இப்போது ப்ளாஸ் ப்ரோக்லி, பேராலய வாசல், ப்ளாஸ் க்ளேபர் என்று பழைய நகரம் முழுக்கக் குடில்கள் பரவியிருக்கும். க்ளேபர் சதுக்கத்தில் ஏறக்குறைய 30 மீட்டர் உயரத்துக்கு ஒரு மரம் நிறுத்துவார்கள். பேராலயத்தின் கோபுரம் 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். அதன் அடியில் நின்று மேலே பார்க்கிற ஒரு நிமிடத்துக்காகவே போகலாம். உள்ளே வானியல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. மதியம் பன்னிரண்டரைக்கு அதில் பொம்மைச் சீடர்கள் வரிசையாக வருவார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

சின்னது என்றால் என் விருப்பம் கெங்கன்பாஹ். ஆஃபன்புர்குக்குப் பக்கத்தில், மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள் உள்ள ஊர். அங்கே நகர மன்றத்தின் 24 ஜன்னல்களே டிசம்பர் நாட்காட்டி. தினம் ஒன்றாக மாலையில் திறப்பார்கள். கூட்டம் வந்தாலும் ஊர் சின்னது, பிள்ளை தொலைந்துபோகும் பயமில்லாமல் நடக்கலாம்.

கோல்மாருக்குப் போகிறவர்கள் கால்வாய் ஓரமுள்ள குட்டி வெனிஸ் பகுதிக்குப் போங்கள். குழந்தைகளுக்கென்று தனிச் சந்தை அங்கேதான். சுதந்திர தேவி சிலையைச் செய்த பார்த்தோல்டி பிறந்த ஊரும் இதுவே. ஸ்ட்ராஸ்பூருக்கும் கோல்மாருக்கும் நடுவில் செலஸ்டா என்ற ஊர் இருக்கிறது. கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றி எழுத்தில் கிடைத்த மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, 1521ஆம் ஆண்டுக் கணக்கேடு, அந்த ஊரில் பாதுகாப்பாக இருக்கிறது.

ராவென்னா பள்ளத்தாக்குச் சந்தையின் படத்தைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. கருங்காட்டில், 37 மீட்டர் உயர ரயில் பாலத்துக்கு அடியில் நடக்கிறது; மேலே ரயில் போகும், கீழே விளக்குகள். ஆனால் அது வார இறுதிகளில் மட்டும்தான், நுழைவுச் சீட்டை முன்பே இணையத்தில் வாங்க வேண்டும். பக்கத்து ரயில் நிலையங்களான ஹிம்மல்ரைஹ், ஹின்டர்சார்டனிலிருந்து பஸ் விடுவார்கள். சீட்டு கிடைத்தால் மற்றதை ஒதுக்கிவிட்டு இதற்குப் போங்கள். கிடைக்காவிட்டால் நேரே அங்கே போய் நிற்க வேண்டாம்.

ஸ்ட்ராஸ்பூரில் கூட்டமும் பாதுகாப்பும் எப்படி?

2018 டிசம்பரில் அந்தச் சந்தைப் பகுதியில் தாக்குதல் நடந்து உயிர்கள் போயின. அதனால் பாதுகாப்பு கடுமையாகவே இருக்கிறது. பழைய நகரம் ஆறு சூழ்ந்த தீவு. பாலங்களில் பையைத் திறந்து காட்டச் சொல்லலாம். பெட்டியோடு போகாதீர்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தள்ளுவண்டியோடு பேராலயத் தெருவுக்குள் நுழைய வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். வார நாளில், மதியம் இரண்டு மணிக்குப் போய், வெளிச்சத்தில் ஊரைப் பார்த்து, விளக்கு ஏற்றியதும் ஒரு மணி நேரம் சுற்றி, ஆறரைக்குக் கிளம்பினால் நல்லதை எல்லாம் பார்த்திருப்பீர்கள். பிள்ளையின் சட்டைப் பைக்குள் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள், நாட்டுக் குறியீட்டோடு.

எங்கே தங்குவது?

பார்க்கின் சொந்த ஹோட்டல்கள் அழகானவை, விலை அதிகம். ஒரு இரவுக்கு மட்டும் ஆசைப்பட்டால் சரி. ரூஸ்ட் ஊருக்குள்ளேயே குடும்பங்கள் நடத்தும் விடுதிகளும் சமையலறையுள்ள வீடுகளும் நிறைய உண்டு. ரசம் சாதம் இல்லாமல் மூன்றாம் நாள் தாண்டாத குடும்பங்களுக்கு அந்த வீடுகள்தான் சரி.

சந்தைக்கு முக்கியத்துவம் தருகிறவர்கள் கேல் என்ற ஊரைப் பாருங்கள். ஜெர்மனியில்தான் இருக்கிறது, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஸ்ட்ராஸ்பூர் போகும் டிராம் 2017 முதல் அங்கேயே வருகிறது. டிசம்பரில் ஸ்ட்ராஸ்பூருக்குள் அறை வாடகை எகிறும்போது கேலில் அந்த அளவு ஏறாது. எங்கே தங்கினாலும் ஒரே இடத்தில் தங்குங்கள். குளிர்காலத் துணிமணியோடு நாலு பேர் பெட்டியைத் தினம் கட்டி அவிழ்ப்பதில் பாதி நாள் போய்விடும்.

காரா, ரயிலா?

பார்க்குக்கு ரெண்டும் சரி. ஃப்ரைபுர்குக்கும் ஆஃபன்புர்குக்கும் இடையில் ரிங்ஸ்ஹைம் என்ற ரயில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து பார்க்குக்குப் பஸ். காரில் வந்தால் ஏ5 நெடுஞ்சாலையில் ரூஸ்டுக்கென்றே வழி பிரியும். ரூஸ்டிலிருந்து பிரான்ஸ் பக்கம் போக, காப்பலிலிருந்து ரைனௌவுக்குக் காரையே ஏற்றிச் செல்லும் படகு இருக்கிறது. கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு ரைடுதான்.

சந்தைகளுக்குக் காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு டிராமில் போங்கள். வாடகைக் கார் எடுத்தால் குளிர்கால டயர் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பனிச் சாலையில் அது இல்லாமல் ஓட்டக் கூடாது. 12 வயது வரை, அல்லது 1.50 மீட்டர் உயரம் வரும்வரை, பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம். அப்புறம், தடித்த ஜாக்கெட்டோடு பிள்ளையை அந்த இருக்கையில் கட்டாதீர்கள். பெல்ட் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், ஆனால் மோதினால் பஞ்சு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். கழற்றிவிட்டுக் கட்டி, மேலே போர்த்திவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சுட்ட செஸ்ட்நட், சர்க்கரையும் பட்டையும் போட்டு வறுத்த பாதாம், தோசை போல மெல்லிசான சூடான க்ரேப், ஆப்பிள் சாஸோடு தரும் உருளைக்கிழங்கு அடை, பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்சிலே (நூடுல்ஸ் மாதிரி) எல்லாம் எங்கும் உண்டு. அடையிலும் ஷ்பெட்சிலேயிலும் முட்டை இருக்கும். அல்சாஸின் ஃப்ளாம்குஹனில் (பீட்சா போன்ற மெல்லிய ரொட்டி) வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள். இல்லாமல் கேட்டால் பல கடைகளில் செய்து தருவார்கள். புளிக்கவைத்த முட்டைக்கோஸைப் பார்த்து சைவம் என்று எடுத்துவிடாதீர்கள். அல்சாஸில் அதை இறைச்சியோடுதான் பெரும்பாலும் வேகவைப்பார்கள். கலர் கலரான ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு, அதையும் பாருங்கள்.

குளுவைன் என்பது மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயின். பிள்ளைகளுக்கு அதே வாசனையில் மது இல்லாத கிண்டர்புன்ஷ் இருக்கிறது. அதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். குவளைக்கு முன்பணமாகச் சில யூரோ சேர்த்து வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் காசும் திரும்பும். ஆசைப்பட்டால் குவளையை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

குளிருக்கு என்ன உடுத்துவது?

பகலில் பெரும்பாலும் சுழியத்துக்கு மேல் சில டிகிரிதான் இருக்கும், இரவில் சுழியத்துக்குக் கீழே போகும். ஈரக்காற்று என்பதால் எண்ணைவிட அதிகமாகவே குளிரும். ஒரு பெரிய கோட்டை விட, உடலோடு ஒட்டிய தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு நல்லது. முதலில் குளிர்வது பாதம்தான். தண்ணீர் புகாத, கனத்த அடிப்பாகமுள்ள ஷூ வேண்டும். மாற்றுச் சாக்ஸும் பிள்ளைக்கு இரண்டாவது ஜோடிக் கையுறையும் பையில் இருக்கட்டும். போன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். பார்க் டிக்கெட் அதில்தான் இருக்கும் என்பதால் உள்பையில் வையுங்கள்.

தாத்தா பாட்டியைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. பார்க்குக்குள் சுற்றிவரும் ரயில் இருக்கிறது, உட்கார்ந்து பார்க்கும் காட்சிகள் பல உண்டு. ரைடு ஏறாமலேயே அவர்களுக்கு நாள் போகும். கஷ்டம் சந்தைகளில்தான்: கல் பாவிய தெரு, நின்றுகொண்டே சாப்பிடும் மேசைகள், உட்கார இடமில்லாமை. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கஃபேயைப் பார்த்து வைத்து, அவர்களை அங்கே உட்கார்த்திவிட்டு மற்றவர்கள் முறை போட்டுச் சுற்றுங்கள். பேராலயத்துக்குள்ளும் உட்காரலாம்.

ருலான்டிகா தண்ணீர்ப் பூங்காவையும் சேர்க்கலாமா?

பார்க்குக்குப் பக்கத்திலேயே 2019 நவம்பரில் திறந்தது, உள்ளரங்கம், குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாக இருக்கும். தனி டிக்கெட். ஐந்தாவது நாள் இருந்தால் சேருங்கள். தலையை நன்றாகக் காயவைக்காமல் பிள்ளைகளை வெளியே கொண்டுவர வேண்டாம்.

டிக்கெட், விசா?

பார்க் டிக்கெட் தேதி போட்டு இணையத்தில் முன்பே வாங்க வேண்டும். பெரியவருக்கு 50 யூரோவைத் தாண்டும். 4 முதல் 11 வயது வரை குறைவு, அதற்குக் கீழே இலவசம். பார்க்கிங்குக்குத் தனிக் கட்டணம்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஒரே ஷெங்கன் விசா ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து மூன்றுக்கும் செல்லும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். டிசம்பர் பயணத்துக்கு ஆகஸ்டிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஸ்ட்ராஸ்பூருக்கு ஒரு மாலை மட்டும் டிராமில் போய்வந்தாலும் பாஸ்போர்ட்டை அறையில் விட்டுப் போகாதீர்கள். ஜெர்மனி இப்போது தன் எல்லைகளில் சோதனை செய்கிறது, திரும்பும்போது கேட்கலாம்.